செங்கத் திடலும் நான் துரைக்குச் சொன்ன பதிலும்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள். கிள்ளானில் அந்தப் பழைய சதுக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் இடிக்க விடாமல் காப்பாற்றக் கூட்டம் போடுகிறோம், அப்பா மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். முட்டிவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முட்டிவலி இருப்பது நிஜம். ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அது இல்லை.

நடுவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னான்: “என்னாப்பா நீங்க, பத்து வயசுலயே வெள்ளைக்காரத் துரைகிட்ட நேருக்கு நேரா இங்கிலீஷ்ல பேசினவரு. அதை மட்டும் சொன்னாக்கூடப் போதும் லா.”

அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது என் அம்மா. உங்களை மடியில் போட்டுச் சோறு ஊட்டும்போதெல்லாம் அவள் அதைத்தான் சொன்னாள். “உங்கப்பன் கோட்டும் சூட்டும் போட்டு நின்னு துரைகிட்ட எங்களுக்காகப் பேசினான். பாழாப்போன கிராணிதான் கெடுத்துப்புட்டான்” என்று முடிப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான்தான் அவளைத் திருத்தவில்லை. அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இனி அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

அப்போது நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்திலும் ரெயிலிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். ரெயில் பட்டறைச் சங்கு ஊதினால் அம்மாமார் உலை வைப்பார்கள், மறுபடி ஊதினால் இறக்குவார்கள். கடிகாரம் எந்த வீட்டிலும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கரிப்புகை வரும். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் சாயங்காலத்துக்குள் பொட்டுப் பொட்டாகக் கரி விழுந்திருக்கும்.

நான்கு தெருக்கள் நடுவில் ஒரு சதுரமான வெளி. அதைத்தான் செங்கத் திடல் என்போம். தெருக்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவை கிராணித் தெரு, மாட்டுத் தெரு, வண்ணார் தெரு, சீனக் கடைத் தெரு. திடலின் தரை முழுக்கச் செங்கல். ஒரு காலத்தில் அந்த இடத்தில்தான் சூளை இருந்ததாம். ஓலைக்கூரையும் மண்சுவருமாக இருந்த பட்டணத்தைக் கல்கட்டடமாக மாற்றியது அந்தச் சூளைக் கற்கள்தான். நேராக வெந்த கல் எல்லாம் பெரிய கட்டடங்களுக்குப் போய்விட்டது. கோணலாக வெந்தது, கருகிப்போனது, நாய் மிதித்துக் கால் பதிந்தது எல்லாம் இங்கேயே தங்கிவிட்டது. சூளைக்காரர்கள் மழைச்சேற்றில் கால் புதையாமல் இருக்க அவற்றைப் பரப்பிவைத்தார்கள். ஆகவே எங்கள் திடல் பட்டணத்துக்கு வேண்டாத கற்களால் ஆனது. வெயிலில் காய்ந்த அந்தக் கல்மேல் திடீரென்று மழை விழும்போது ஒரு வாசனை வரும். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓரத்தில் ஒரு பெரிய அங்சானா மரம். வருடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் அது மொத்தமாகப் பூத்து மொத்தமாகக் கொட்டும். அன்றைக்குத் திடல் மஞ்சளாகிவிடும். மரத்தடியில் பால்காரர் மாடு கட்டிக் கறப்பார். வண்ணார்கள் கயிறு கட்டித் துணி உலர்த்துவார்கள். வண்டிக்காரர்கள் காளையை அவிழ்த்து விட்டுப் பாக்கு மெல்லுவார்கள். சாயங்காலம் ஒரு மலாய்க்கார அண்ணன் கறித்துண்டைக் குச்சியில் கோத்துச் சத்தே சுட உட்காருவார். சீனக் கடைத் தெரு ஓரமாக ஒரே ஒரு பொதுக்குழாய். அதைச் சுற்றி எந்நேரமும் குடமும் சண்டையும்.

குழாய்க்குப் பக்கத்தில் என் அம்மா ஆப்பம் சுட்டு விற்றாள்.

அப்பாவுக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. அது போய்விட்டது. வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா தினமும் காலையில் எங்காவது வேலை தேடிப் போவார். அம்மா விடிவதற்கு முன்பே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிடுவாள். ரெயில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் செங்கல்மேல் வட்டமாக ஒரு கருப்பு விழுந்திருந்தது. அந்த அடுப்பு எரிந்தவரை எங்களுக்குக் கப்பல் கிடையாது, எனக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. இதை அப்பா என்னிடம் இதே வார்த்தையில் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் என்றால் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். கிராணித் தெருவில் ரெயில்வே சாமான் கிடங்கில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஒருவர் இருந்தார். ஒல்லியானவர். தலையை நடுவகிடு எடுத்துச் சீவி, மூடிய கோட்டு போட்டுக்கொண்டு, குடையில்லாமல் வெளியில் வர மாட்டார். அவர்தான் பெரிய வாத்தியாரிடம் போய்ப் பேசி என்னைச் சம்பளமில்லாமல் சேர்த்துவிட்டார். அவருடைய மகனும் நானும் ஒரே வகுப்பு.

மற்ற பையன்கள் வேறு பேட்டைகளிலிருந்து வருகிறவர்கள். எல்லாருக்கும் காலில் செருப்பாவது இருக்கும். “உன் அப்பா என்ன வேலை?” என்று கேட்டால், “ரெயில்வே” என்பேன். அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். காலையில் திடல் வழியாகப் போனால் பத்து நிமிடம் மிச்சம். நான் மாட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு சாணத்தை மிதித்துப் போவேன். ஒருநாள் அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். “டேய், இப்படி வாடா, ஒண்ணு பிச்சு வாயில போட்டுக்கிட்டுப் போ” என்று கத்தினாள். கேட்காத மாதிரி நடந்தேன். சாயங்காலம் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. காது கேட்டிருக்காது என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

இப்படி இருக்கையில்தான் டவுன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து நான்கு மூலையிலும் கம்பு நட்டுவிட்டுப் போனான். திடலில் கிடங்கு கட்டப் போகிறார்களாம். லோரி வந்து திரும்ப வேண்டும் என்பதால் மாட்டுத் தெருவிலும் வண்ணார் தெருவிலும் ஒரு பக்கத்து வீடுகள் போகுமாம். பெண்கள் குழாயடியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய கிராணிதான் எல்லாரையும் கூட்டி மனு எழுதினார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் பெருவிரலை மையில் அமுக்கி வைத்தார்கள். பால்காரர் வைத்த ரேகையைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் ஒருவர், “அண்ணே, இது கைநாட்டா, உங்க மாட்டோட குளம்பா?” என்று கேட்க, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பதில் வந்தது. கிராணி திடலில் நின்று அதைப் படித்துத் தமிழில் சொன்னார். வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு துரை நேரில் வருகிறார். இது பழைய இடமா, பொதுஜனத்துக்குப் பயன்படுகிற இடமா என்று பார்ப்பார். அப்படி இருந்தால் கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதுவார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கிராணி கையைத் தூக்கி அமர்த்தினார். “சும்மா கை தட்டினா ஆச்சா? துரை வந்து எதைப் பார்ப்பாரு? சாணம், மூத்திரம், அழுக்குத் துணி, புகை. இதைப் பார்த்தா இடிக்காம என்ன செய்வாரு?”

“அப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க, கிராணியாரே?” என்றார் பால்காரர்.

“கிளப்புக்கு எதிர்த்தாப்புல துரைமாருங்க பந்தாடுற திடல் இருக்கே, பார்த்திருக்கீங்களா? ஒரு மாடு நிக்குதா? ஒரு துணி தொங்குதா? ஒரு காகிதம் கிடக்குதா? யாராவது அதை இடிக்க வர்றானா? ஏன்? சுத்தம். மரியாதை. நம்ம திடலும் அன்னிக்கு அப்படி இருக்கணும்.”

“மாட்டைக் கொண்டாந்து உங்க வீட்டு நடையில கட்டவா?”

“ஒரு நாளைக்குக் கட்டுங்க. நானே தண்ணி காட்டுறேன்.”

மறுபடி சிரிப்பு. ஆனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இதை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பயன்படுகிற இடமா என்று பார்க்க ஒருவன் வருகிறான். நாங்கள் பயன்படுத்துகிற அடையாளம் ஒன்றுகூட இல்லாமல் துடைத்து வைக்கப் போகிறோம். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களைப் பார்த்தால் துரைக்குப் பிடிக்காது என்று எல்லாருக்குமே உள்ளுக்குள் நிச்சயமாக இருந்தது. கிராணி அதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

அம்மா மட்டும், “காலையில ரெண்டு மணி நேரம் சுட்டுட்டு எடுத்துடறேனே, ஐயா. வேலைக்குப் போற ஆளுங்க பசியோட போகுமே” என்றாள்.

“ஒரு நாள்தானேம்மா. புகை வாசனையே இருக்கக்கூடாது.”

“சரி ஐயா” என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை முழுக்க வேலை. அங்சானா அந்த வாரம் பார்த்துப் பூத்திருந்தது. கொட்டிய பூவையெல்லாம் கூட்டித் தள்ளினோம். கூட்டக் கூட்டக் கொட்டியது. ஒரு வண்டிக்காரர் மரத்தைப் பார்த்து, “ஏ, நீயும் மனுவுல கைநாட்டு வெச்சியா இல்லையா? சும்மா நில்லு” என்று திட்டினார். வண்ணார்கள் கம்பையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். குழாயடிப் பாசியைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்தார்கள். அம்மா தன் அடுப்பின் கருப்பு வட்டத்தைத் தானே முட்டி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டாள், மணல் போட்டாள், புளி போட்டாள். கல்லுக்குள் இறங்கிய கரி போகவில்லை. “பரவால்லம்மா, யாரு அதைப் பார்க்கப் போறா” என்றார் கிராணி.

துரையை வரவேற்று ஒரு பையன் இங்கிலீஷில் நான்கு வரி சொல்வதாக ஏற்பாடு. கிராணியின் மகன்தான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பூசணியாகிவிட்டது. அந்த வேலை எனக்கு வந்தது. அவனுடைய வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, தொப்பி, கால்மேஜோடு, சப்பாத்து எல்லாம் என்மேல் ஏறின. சப்பாத்து பெரிது. முன்னால் துணி அடைத்தார்கள். நான் அம்மாவின் சின்னக் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி என்னைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டேன். தொப்பி, பொத்தான், சப்பாத்து. எல்லாம் சேர்ந்து பார்க்க வேறு யாரோ ஒருவனாக இருந்தது. அந்த வேறொருவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கிராணி பத்து மணிக்குத்தான் வேலையிலிருந்து அனுமதி வாங்கியிருந்தார். துரை எட்டரைக்கே வந்துவிட்டார். மழை வரும்போல இருந்ததால் முன்கூட்டியே கிளம்பியிருக்கலாம். கருப்பு மோட்டார் வண்டி சீனக் கடைத் தெருவில் நின்றது. துரையும், அளவுச் சங்கிலி தூக்கிய ஒரு சீனரும் இறங்கினார்கள். “ஓடு, ஓடு, கிராணியாரைக் கூட்டியா” என்று ஒருவரை விரட்டினார்கள். ஊர்சனம் முழுவதும் கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நெருக்கியடித்து நின்றது. திடலில் யாரும் கால் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்பது கிராணியின் உத்தரவு. அவ்வளவு பெரிய வெளியில், நடுவில் நான் மட்டும் நின்றேன்.

நான்கு வரியையும் தப்பில்லாமல் சொன்னேன். துரைக்கு ஆச்சரியம். வயதானவர். கடுமையான முகம் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார்: “நன்றாகப் பேசுகிறாயே. உன் அப்பா கிராணியா?”

நான் “எஸ் சார்” என்றேன்.

ஏன் சொன்னேன்? அந்தச் சப்பாத்துக்குள் நின்றுகொண்டு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு சின்னத் தலையாட்டல், போய்விடும் என்று நினைத்தேன். அது போகவில்லை.

துரை தரையைப் பார்த்து மெதுவாக நடந்தார். நான் கூடவே போனேன். நாய்க்கால் பதிந்த கல்லைத் தன் கைத்தடியால் தொட்டுச் சிரித்தார். சங்கிலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். “பழைய இடம்தான், சந்தேகமில்லை” என்று தனக்குத்தானே சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு நிமிர்ந்து நான்கு பக்கமும் பார்த்தார். “ஆனால் இங்கே ஒன்றுமே இல்லையே. தினமும் இப்படித்தான் இருக்குமா? யாரும் வர மாட்டார்களா? காலையில் சந்தை மாதிரி ஏதாவது?”

மாடுகள் கட்டுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். துணி உலர்த்துவார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தைகளெல்லாம் தெரியும். அதற்குள் அவர் குழாய்ப் பக்கம் போய்விட்டார். கருப்பு வட்டத்தின் முன்னால் நின்றார். தடியால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

“இது என்ன? இங்கே யாரோ தினமும் நெருப்பு மூட்டுகிறார்கள்.”

அம்மா எனக்கு நேராக, பத்தடி தள்ளி அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். துரைக்கு மரியாதை. அவளுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது. சிரித்த முகத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அது பழையது, சார். சூளைக்காரர்கள் காலத்துக் கருப்பு” என்றேன்.

“இப்போது?”

“இப்போது யாரும் வருவதில்லை, சார்.”

“யாருமேயா?”

“யாருமே, சார்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் இன்னொரு பதில் சொல்வேன் என்று அவர் காத்திருந்த மாதிரி இப்போது தோன்றுகிறது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சின்னப் புத்தகத்தில் எழுதினார். என் தோளில் தட்டினார். வண்டியில் ஏறினார்.

வண்டி நகரும்போது கிராணி குடையைப் பிடித்தபடி ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். மூச்சு வாங்கியது. “என்ன கேட்டாரு தம்பி? நீ என்ன சொன்னே?”

“நல்லாருக்குன்னு சொன்னாரு, ஐயா. பழைய இடம்தான்னு சொன்னாரு.”

“சொன்னாரா?” என்று இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “சொன்னாரா? பார்த்தீங்களாய்யா, சுத்தமா இருந்தா எப்படி இருக்குன்னு!”

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். அத்தனை பேர் நடுவில் என் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் நெரித்து முறித்தாள். “என் புள்ளடி, என் புள்ள. துரை எவ்வளவு நேரம் கேட்டாரு, ஒண்ணுக்கும் அசரலையே” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பால்காரர், “தங்கச்சி, உன் மகனுக்கு இனி நாங்கதான் சலாம் போடணும்” என்றார். வீட்டுக்குப் போனதும் அவசரமாக அடுப்பு மூட்டி, எனக்கு மட்டும் முட்டை ஊற்றி ஆப்பம் சுட்டுக் கொடுத்தாள். தின்றேன். வாந்தி எடுக்கவில்லை, அழவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே மாடும் துணியும் வண்டியும் திடலுக்குத் திரும்பிவிட்டன. அம்மாவின் அடுப்பும் எரிந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன், நான் சொன்னது பெரிய விஷயம் இல்லை, துரை மறந்திருப்பார் என்று.

ஐந்தாறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிராணி வேலையிலிருந்து நேராகத் திடலுக்கு வந்து பிரித்தார். நான் அவர் முழங்கைக்குக் கீழே நின்றேன். அவர் முகம் வெளுத்தது. பிறகு தமிழில் சொன்னார். பார்வையிட்டதில் அது காலி இடமாக இருந்தது. ஜனங்கள் புழங்குவதாகத் தெரியவில்லை. ஆகையால் கிடங்கு அங்கேயே வரும். தெருக்களும் அகலப்படுத்தப்படும்.

அவர் கையிலிருந்த தாளை என்னால் படிக்க முடிந்தது. அவர் சொன்னதற்கு நடுவில் இன்னும் ஒரு வரி இருந்தது. அந்த இடத்து வாசியான கிராணி ஒருவரின் மகனும் இதை உறுதிப்படுத்தினான் என்று. அந்த வரியை அவர் சொல்லவில்லை. படித்து முடிக்கும்வரை அவருடைய பெருவிரல் அதன்மேல் இருந்தது.

“காலி இடமா?” என்று பால்காரர் கத்தினார். “யாருய்யா காலி பண்ணச் சொன்னது? எங்களை அஞ்சடியில நிறுத்தி வெச்சு வேடிக்கை பார்க்கச் சொன்னது யாரு? என் மாட்டை அவரு பார்த்திருந்தா காலின்னு எழுதுவாரா?”

“எங்க துணியைப் பார்த்திருந்தா?”

“இங்க நாங்க இருக்கிறதே வெட்கம்னுதானே மறைச்சு வெச்சீங்க?”

கிராணி ஒரு தடவை என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கூட்டிக்கொடுத்த கணக்கில் தப்பு வந்தால், எங்கே வந்தது என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவாரே, அப்படிப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: “நான்தான் சொன்னேன். தப்பு என்னோடதுதான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அம்மா அவர் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அதன்பிறகு நான்கு தெருவிலும் யாரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. காலையில் அதே கோட்டு, அதே குடை. அவர் வரும்போது குழாயடியில் பேச்சு நின்றுவிடும். பையன்கள் பின்னாலிருந்து, “சுத்தம், மரியாதை!” என்று கூவிவிட்டு ஓடுவார்கள். அந்தப் பையன்களில் நானும் ஒரு தடவை இருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். அவர் என்னிடம் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. தன் மகனிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவன் எப்போதும்போல என்னோடு பேசினான். அந்தச் சப்பாத்தைக்கூட, “நீயே வெச்சுக்கோ, எனக்குச் சின்னதாப் போச்சு” என்றான். நான் வாங்கவில்லை.

மனிதர் நல்லது செய்ய நினைத்துத் தவறாகக் கணக்குப் போட்டார். அவருடைய தவறால் மட்டும் திடல் போகவில்லை. துரை கேட்டார். கேட்டபோது ஒரு வார்த்தை போதும். அந்தக் கருப்பு வட்டத்தைக் காட்டி, இது என் அம்மாவுடைய அடுப்பு என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தாலும் கிடங்கு வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பெரியவர்கள் தீர்மானித்ததைப் பத்து வயசுப் பையன் மாற்ற முடியுமா என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும். வேண்டாம். நான் பெற்றவளை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு, அப்படி ஒருத்தி இல்லை என்று சொன்னவன். அவள் சிரித்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

மழைக்காலம் முடிந்து வேலி போட்டார்கள். அப்பாவுக்குக் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் புல்வெட்டு கிடைத்தது. ஆணும் பெண்ணுமாக வந்தால்தான் வேலை என்றார்கள். அம்மா அங்கே போய் மண்வெட்டி பிடித்தாள். அப்புறம் அவள் விற்பதற்கு ஆப்பம் சுடவே இல்லை. தீபாவளிக்கு நமக்குச் சுட்டதோடு சரி. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடமும் அத்தோடு முடிந்தது. சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் ஏறிய முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டே, “அங்க இருந்திருந்தா நீ கிராணியாகியிருப்பே” என்பாள். நான் எழுந்து போய்விடுவேன். அடக்கமானவன் என்று நினைத்துக்கொள்வாள்.

காப்பாருக்குப் புறப்பட்டதற்கு முந்தின நாள் ஒன்று செய்தேன். அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் அடித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல், ரெயில் பாதை ஓரமாகவே நடந்து ஆற்றைத் தாண்டி டவுன் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் சிவப்புப் பட்டை போட்ட சேவகர் உட்கார்ந்திருந்தார். “என்னடா?” என்றார். துரையைப் பார்க்க வேண்டும் என்றேன். “எந்தத் துரையை? உன் மாமனா? போடா” என்றார். மனுப் போடுகிற பெட்டி சுவரில் இருந்தது. நான் எதிரில் இருந்த சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தொடைமேல் வைத்து பென்சிலால் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவும் அதில் போட்டேன். ஐயா, அந்தத் திடலுக்கு ஆட்கள் வருகிறார்கள். மாடு கறக்கிறார்கள், துணி காயவைக்கிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள். அன்றைக்கு உங்களுக்காக ஒளிந்திருந்தார்கள். ஒளியச் சொன்னவர் கெட்டவர் இல்லை. கருப்பு வட்டம் பழையது இல்லை. என் தாய் அங்கே தினமும் ஆப்பம் சுடுகிறாள். ஆப்பத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. அப்படியே ஏ, இரண்டு பி என்று எழுத்துக் கூட்டி எழுதினேன். ‘சுடுகிறாள்’ என்றுதான் எழுதினேன். வேலி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

கீழே பெயர் போட வேண்டும். எங்கள் வாத்தியார் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது அப்பாவின் தொழிலையும் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார். ‘தண்டவாளக் கூலி மகன்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘ஆப்பக்காரி மகன்’ என்று எழுதினேன். மடித்தேன். சேவகர் கொட்டாவி விட்டுத் திரும்பியபோது பெட்டியில் போட்டேன். பெட்டி எனக்கு உயரம். இரண்டு குதிகாலையும் தூக்கி நிற்க வேண்டியிருந்தது.